சந்தியாகப்பரைக் கரையேற்றியது

புயல் போன பிறகு முதன்முதலாக வெயில் அடித்த காலையில், போன வருஷம் கடலில் காணாமல்போன சந்தியாகப்பர் எங்கள் முரல்துறைக் கரைக்கு நேரே, அலை மடங்கி விழும் இடத்துக்குச் சற்று அப்பால், நங்கூரம் போட்டதைப் போல நின்றுகொண்டிருந்தது. அதை முதலில் பார்த்தவர்கள் கடற்கரைக் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போன பெண்கள். அவர்கள் இடுப்புக் குடத்தை இறக்கிவைக்காமலே ஊருக்குள் நடந்து வந்து, காலை பஸ் வந்து நிற்கிறது என்று சொல்வதைப் போல, சந்தியாகப்பர் வந்து நிற்கிறது என்று சொன்னார்கள்.

சந்தியாகப்பர் ஒரு விசைப்படகு. நீல வண்ணம், அணியம் என்று நாங்கள் சொல்லும் முன்முனையில் ஒரு வெள்ளைச் சிலுவை. அதில் போனவர்கள் மூன்று பேர்: படகுக்குச் சொந்தக்காரரும் அதை ஓட்டுகிறவருமான கித்தேரியான், கல்யாணம் முடிந்து வருஷம் திரும்பாத தனிஸ்லாஸ், பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் இல்லாமல், கோயில் கொட்டகையில் படுத்துக்கொண்டு, எந்தப் படகில் ஆள் குறைந்தாலும் போய் ஏறிக்கொள்ளும் மிக்கேல் மாமா. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்த ஒரு விடியலில் போனார்கள், மத்தியானம் காற்று திரும்பியது, அவர்கள் திரும்பவில்லை. தேடப் போன படகுகள் ஒரு பலகைகூடக் கிடைக்காமல் வந்து சேர்ந்தன.

தனிஸ்லாஸின் மனைவி ரெஜினா அழுது தீர்த்துவிட்டு, பூசை வைத்து, வெறும் பெட்டியைக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்து, தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. பக்கத்து ஊர்க் கொத்தனார் பெலிக்ஸுக்கு அவளைப் பேசி முடித்து, கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையில் ரெண்டும் வாசித்தாகிவிட்டது. கித்தேரியானின் மனைவி அமலோற்பவம் பூசையும் வைக்கவில்லை, பெட்டியும் புதைக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களை உட்காரவைத்து, "எதுக்குத் துக்கம், அவிய கடலுக்குல்லா போயிருக்காவ" என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவைத்தாள். அதனால் சந்தியாகப்பர் வந்து நிற்கிறது என்று கேட்டதும் ஊரில் எல்லாரும் கடற்கரைக்குப் போனபோது, அவள் மட்டும் அடுப்படிக்குள் போய் உலை வைத்தாள்.

முதலில் வள்ளங்களை இறக்கிக் கிட்டே போனோம். கிட்டே போகப் போகக் கடல் மட்டும்தான் இருந்தது. படகு நின்ற இடத்தில் சும்மா தண்ணீர், அதில் ஒரு சின்னச் சுழிப்பு. கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தால் அது மறுபடி நின்றது, நீலமாக, அணியத்துச் சிலுவை பளிச்சென்று தெரிய. நீந்திப் போனவர்களுக்கும் அப்படியே. இதற்காக நாங்கள் பெரிதாக மலைத்துப்போகவில்லை, மேட்டில் நின்றால் தெரிகிற மீன் கூட்டம் வள்ளத்தில் பக்கத்தில் போனால் தெரியாது, கடலில் நிறைய விஷயம் கரையிலிருந்து பார்க்கிறவனுக்குத்தான் உண்டு, ஆக இதையும் கரையிலிருந்துதான் பிடிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

கித்தேரியானின் தம்பி வியாகுலம் ஊரில் படகு பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறான். அவன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, ஒரு கனத்த வடத்தின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டி வீசினான். அவ்வளவு தூரம் அது போகாது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் வடம் போய்க்கொண்டே இருந்தது, அந்தப் பக்கம் யாரோ கைமாற்றிக் கைமாற்றி வாங்கிக்கொள்வதைப் போல நிதானமாகப் போய்க்கொண்டே இருந்தது, பிறகு நின்றது, பிறகு ரெண்டு தடவை வெட்டியது. வடத்தைக் கட்டி முடித்தவன் எதிர்ப்பக்கத்துக்காரனுக்கு அப்படித்தான் வெட்டிக் காட்டுவான்.

"அண்ணன் கட்டிட்டாவ" என்றான் வியாகுலம்.

பட்டறையில் வின்ச் இருந்தது. சுவிட்சைப் போட்டால் எந்தப் படகையும் அது சும்மா இழுத்து மேலே கொண்டுவந்து உட்காரவைத்துவிடும். ஆனால் கரண்ட் இல்லை. செம்மணல் தேரிக்காட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் எங்கள் ஊருக்கு வருகிற கம்பங்களை எல்லாம் புயல் வரிசையாகப் படுக்கவைத்துவிட்டுப் போயிருந்தது, பனைகள் அவற்றின் மேல் விழுந்து கிடந்தன, கம்பிகள் மணலுக்குள் ஓடிப் புதைந்திருந்தன. கரண்ட் வரட்டும் இழுத்துக்கொள்ளலாம், இத்தனை நாள் நின்றவர்கள் இன்னும் கொஞ்ச நாள் நிற்க மாட்டார்களா என்று, வடத்தின் கரைமுனையைப் பட்டறைத் தூணில் கட்டிவைத்துவிட்டு நாங்கள் வேலையைப் பார்க்கப் போனோம்.

அன்றைக்குச் சாயங்காலம் கடல்காற்று வீசியபோது படகிலிருந்து பேச்சுச் சத்தம் வந்தது. தூரத்துப் படகில் ஆட்கள் பேசினால் கரைக்கு எப்படிக் கேட்குமோ அப்படி, பாதிச் சொல் காற்றில் போய், பாதிச் சொல் வந்தது. ஒரு இருமல். ஒரு சிரிப்பு. மண்ணெண்ணெய் அடுப்பின் வாசனை.

அமலோற்பவம் ஒரு இரும்பு வளையத்தை வடத்தில் கோத்து, அதில் தூக்குச்சட்டியை மாட்டி, சோறும் நெத்திலிக் குழம்பும் வைத்துத் தள்ளிவிட்டாள். வளையம் வடத்தோடு வழுக்கிக்கொண்டு அலைக்குள் போயிற்று. மறுநாள் காலையில் அது கரைமுனைக்குத் திரும்பி வந்திருந்தது. சட்டியை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து மூடியிருந்தார்கள்.

"இது அவிய கழுவுனது இல்ல" என்றாள் அமலோற்பவம், சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு. "கல்யாணமான நாள்லேர்ந்து அவிய ஒரு தம்ளரக்கூடக் கழுவுனது கிடையாது."

மிக்கேல் மாமாதான் கழுவியிருப்பார் என்று ஊர் முடிவு செய்தது. அதன் பிறகு அவருக்கென்று தனியாக ஒரு சட்டி போயிற்று. அவருக்குச் சமைக்க ஆள் இல்லாததால் ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக்கொண்டார்கள், அந்த முறை வருகிற வீட்டில் அன்றைக்குக் கொஞ்சம் நல்ல மீனாக வாங்கினார்கள்.

இப்படியே அது ஊருக்குப் பழகிப்போயிற்று. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது கடலைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். வலை பின்னுகிறவர்கள் சாயங்காலம் வடத்தருகே வந்து உட்கார்ந்து, அன்றன்றைக்கு என்ன மீன் விழுந்தது, யார் யாரோடு சண்டை என்று படகுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்கள். வெயிலிலேயே கிடந்தாலும் அந்த வடம் மட்டும் காயவே இல்லை, அதைத் தொட்ட கையில் உப்புப் பூத்தது, அதையும் யாரும் பெரிதாகப் பேசவில்லை. எங்கள் பங்குச் சாமியார் ததேயுவுக்குத்தான் ஒரு சங்கடம். பூசையில் அந்த மூன்று பேரின் பெயரை இறந்தவர்களுக்காக வேண்டும் இடத்தில் சொல்வதா, பயணத்தில் இருப்பவர்களுக்காக வேண்டும் இடத்தில் சொல்வதா என்று யோசித்து, கடைசியில் பயணத்தில் இருப்பவர்களோடு சேர்த்துவிட்டார். அப்படிச் சேர்த்துவிட்ட பிறகு ரெஜினாவுக்கும் பெலிக்ஸுக்கும் மூன்றாம் ஓலையை எப்படி வாசிப்பது என்று தெரியாமல் அதை நிறுத்திவைத்தார். ரெஜினா ஒன்றும் கேட்கவில்லை. தாய் வீட்டிலிருந்து தினமும் நடந்து வந்து, கடற்கரையில் தள்ளி நின்று, படகைப் பார்த்துவிட்டு, நடந்து போனாள்.

பிறகு மற்ற ஊர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். கடலுக்குப் போய் வராதவர்கள் எங்கள் ஊரில் மட்டுமா இருக்கிறார்கள். தெற்கேயும் வடக்கேயும் இருந்து வேன் பிடித்துக்கொண்டு வந்து, அலையோரம் நின்று, தங்கள் வீட்டு ஆளின் பெயரையும் படகின் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சில நேரம் மிக்கேல் மாமாவின் குரல், "தெக்க பாத்தேன், நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லும். பெரும்பாலும், "தெரியலயேம்மா" என்றுதான் சொல்லும். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டவர்களும் ஏதோ கிடைத்தவர்களைப் போலக் கண்ணைத் துடைத்துவிட்டு, கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, வந்த வேனிலேயே போனார்கள்.

மார்கழி பிறந்து வாடைக்காற்று பலத்தது. கம்பம் நடுகிறவர்கள் தேரிக்காட்டுக்குள்ளேயே திணறிக்கொண்டிருந்தார்கள், பொங்கல் கழிந்துதான் கரண்ட் வரும் என்று சொல்லியனுப்பினார்கள். அதற்குள் வடம் தூணில் உரசுகிற இடத்தில் நார்நாராகப் பிரிய ஆரம்பித்தது. சாயங்காலப் பேச்சு குறைந்து இருமல் கூடியது, கேட்டால் மூன்று பேரும் மாற்றி மாற்றி இருமினார்கள். வடம் அறுந்தால் வேறு வடம் வீசலாம், ஆனால் அதை வாங்கிக் கட்டுகிற கை அங்கே எத்தனை நாளைக்கு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கரண்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று ஊர் கூடி முடிவு செய்தோம்.

கல்யாணப் பந்தலுக்கு லைட் போடுகிறவரிடம் ஜெனரேட்டர் வாங்கிவந்து வின்ச்சில் மாட்டினோம். பந்தலுக்கு வெளிச்சம் கொடுக்கிற மிஷினால் அந்தப் பெரிய மோட்டாரைச் சுற்ற முடியவில்லை, ஒரு தடவை உறுமி, புகை விட்டு, நின்றுவிட்டது. டிராக்டர் கொண்டுவந்தோம், ஈர மணலில் அதன் சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்து, டிராக்டரை இழுப்பதற்கு ஆள் தேட வேண்டியதாயிற்று. பிறகுதான் வியாகுலம் வின்ச்சிலிருந்து மோட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தான்.

அதில் வடம் சுற்றுகிற உருளையை அவன் நெட்டுக்குத்தாக நிறுத்தி, அதன் தலையில் நாலு பக்கமும் ஓட்டை போட்டு, நீளமான பூவரசங்கம்புகளைச் செருகினான். இழுக்கிற இழுப்பில் உருளையே பெயர்ந்து கடலுக்குள் போய்விடக் கூடாதே என்று, விழுந்து கிடந்த கரண்ட் கம்பம் ஒன்றை மணலில் ஆழக் குழி வெட்டிப் படுக்கவைத்துப் புதைத்து, உருளையின் அடிச்சட்டத்தை அதோடு சேர்த்துக் கட்டினான். வடம் கப்பிகளில் மாறி மாறி ஓடி வந்தது, அதனால் பத்துப் பேர் இழுப்பது முப்பது பேர் இழுப்பதாகும் என்றான். உருளை பின்பக்கம் சுற்றாமலிருக்க ஒரு இரும்புத் தடுப்பு. புயலில் விழுந்த பனைகளைத் துண்டு போட்டு, அலையோரத்திலிருந்து பட்டறை வரைக்கும் உருட்டுக்கட்டைகளாகப் பரப்பி, மேலே மீன் எண்ணெயைத் தடவினோம். ஆண்களும் பெண்களுமாகக் கம்புகளில் நெஞ்சைக் கொடுத்து, செக்கு மாடுகளைப் போல உருளையைச் சுற்றி நடந்தோம்.

இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு எங்களிடம் உண்டு. ஒருவர் முதல் அடியைப் பாடினால் எல்லாரும் மறு அடியைப் பாடி அந்த மூச்சில் தள்ளுவார்கள். வியாகுலம் முதல் அடியைப் பாடினான். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் மறு அடி கடலிலிருந்து வந்தது, மூன்று குரலில், கொஞ்சம் கரகரத்து, ஆனால் தாளம் தவறாமல். கம்பைப் பிடித்திருந்த பெண்களில் சிலர் அழுதார்கள், அழுதுகொண்டே தள்ளினார்கள். வடம் முறுகியது, உருளை அரை அடி சுற்றியது, தடுப்பு டக்கென்று விழுந்தது, சந்தியாகப்பர் அசைந்தது.

அலை வந்து தூக்கும்போதெல்லாம் தள்ளினோம், அலை இறங்கும்போது தடுப்பில் நிறுத்தி மூச்சு வாங்கினோம். இப்படிக் காலை முழுக்கத் தள்ளி, வெயில் உச்சிக்கு வரும்போது அணியம் தண்ணீரை விட்டு மேலே வந்து முதல் உருட்டுக்கட்டையில் ஏறியது. அப்போது பாட்டு எங்கள் வாயில் அப்படியே நின்றுபோயிற்று. தண்ணீருக்குள் இருந்த வரைக்கும் நீலமாக இருந்த பலகை, தண்ணீரை விட்டு வெளியே வந்த இடத்தில் கறுத்து, சிப்பி ஒட்டி, புழு அரித்து, ஓட்டை ஓட்டையாகக் கிடந்தது. சிலுவை இருந்த இடத்தில் சிலுவை இல்லை. ஒரு வருஷம் கடலடியில் கிடந்த படகு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, வெளியே வந்த அந்த ஒரு முழம் மட்டும். அதற்கு ஒரு விரல் பின்னால், நனைந்துகொண்டிருந்த பலகையில், பெயிண்ட் புதிதாகப் பளபளத்தது.

அமலோற்பவம் தன் கம்பை விட்டுவிட்டுப் போய், அந்தக் கறுத்த பலகையைத் தொட்டுப் பார்த்தாள். அது அவள் விரலில் பொடிந்து உதிர்ந்தது. அவள் திரும்பி வந்து, சுற்றாமல் நின்ற உருளையின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"மைனி, எறங்குங்க" என்றான் வியாகுலம்.

"இழுக்க வேண்டாம்."

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. தண்ணி ஏத்தம் இருக்கும்போதே இழுத்தாத்தான் உண்டு."

"கண்ணு இல்லையா ஒனக்கு? வெளிய வந்தா என்ன ஆவுதுன்னு பாத்தியா? பலகைக்கே இப்படின்னா ஒங்க அண்ணனுக்கு என்ன ஆவும்?"

வியாகுலம் கம்பிலிருந்து கையை எடுத்தான். நாங்களும் எடுத்தோம். அவளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். கடலிலிருந்து பாட்டு மறுபடியும் ஒரு தடவை வந்தது, நாங்கள் ஏன் நிறுத்திவிட்டோம் என்று கேட்பதைப் போல. பிறகு அதுவும் அடங்கியது.

அன்றோடு ஊர் ரெண்டாகப் போயிற்று. இழுத்துப் போட வேண்டும், எலும்பானாலும் மண்ணுக்குள் போக வேண்டும், எத்தனை நாளைக்குத்தான் நடுவில் நிற்பார்கள் என்று ஒரு பக்கம். அப்படியே விட்டுவிடுவோம், சோறு போகிறது, சட்டி வருகிறது, பேச்சு கேட்கிறது, கடலுக்குப் போய் அசலூரில் தங்கிவிட்ட ஆம்பிளைகளைவிட இவர்கள் கிட்டத்தில்தானே இருக்கிறார்கள் என்று ஒரு பக்கம். கோயிலில்கூட அந்தந்தப் பக்கத்துக்காரர்கள் அந்தந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். அமலோற்பவம் உருளையை விட்டு இறங்கவில்லை, அங்கேயே அடுப்பு மூட்டினாள், அங்கேயே சட்டியை வளையத்தில் மாட்டித் தள்ளினாள். அணியம் மட்டும் கட்டையில் ஏறிக் கறுத்துக் கிடக்க, மிச்சப் படகு அலையில் நீலமாக ஆடிக்கொண்டிருந்தது. காக்கைகள் அந்தக் கறுத்த முனையில் வந்து உட்கார்ந்தன, ஆனால் ஒன்றுகூடப் பின்னால் நடந்து நீலத்தின் மேல் காலை வைக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் ரெஜினா வழக்கம்போலத் தள்ளி நிற்காமல் நேரே அமலோற்பவத்திடம் வந்தாள். காலைச் சட்டி போய்விட்ட நேரம், அடுப்பு அணைந்திருந்தது. அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நேத்து நான் அவியகூடப் பேசினேன்."

"நீயா?"

"ஆமா. பெலிக்ஸப் பத்தி எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஓல வாசிச்சது, நிறுத்துனது எல்லாம்."

அமலோற்பவம் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "தனிஸ்லாஸ் என்ன சொன்னான்?"

"கொத்தனாரான்னு கேட்டாவ. ஆமான்னேன். நம்ம அடுப்பங்கரச் செவுரு விரிஞ்சு கெடக்கே, அத ஒரு நாள் பூசித் தரச் சொல்லுன்னாவ." சொல்லிவிட்டு ரெஜினா சிரித்தாள், சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆயிற்று, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அமலோற்பவம் அணைந்த அடுப்பின் சாம்பலை ஒதுக்கினாள்.

"ஒனக்கு எடுத்து வைக்க அடுத்த காலு இருக்கு" என்றாள் அமலோற்பவம். "எனக்கு இது ஒண்ணுதான். இருமலா இருந்தாலும் அவிய இருமலு."

"ஒங்களுக்கு அவிய இருக்காவ அக்கா, சரிதான். அவியளுக்கு அங்க என்ன இருக்கு?" ரெஜினா அவள் பக்கம் திரும்பினாள். "நான் ஒங்கள எறங்கச் சொல்லல. இழுக்கவா வேண்டாமான்னு எல்லாருமா இங்க சண்ட போடுதோமே, அவியகிட்ட யாராச்சும் கேட்டோமா?"

அன்றைக்குச் சாயங்காலம் கடல்காற்று எழுந்தபோது அமலோற்பவம் உருளையிலிருந்து இறங்கி, அலையோரம் போய், கறுத்துப்போன அணியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் பட்டறைப் பக்கம் தள்ளி நின்றோம். கேட்க வேண்டும் என்று நிற்கவில்லை, ஆனால் காற்று எங்கள் பக்கம் அடித்தது.

"இந்தாருங்க" என்றாள் அவள்.

"சொல்லு." கித்தேரியானின் குரல் அந்தப் பலகைக்குப் பின்னால், ஒரு அறைக்கு அடுத்த அறையில் இருந்து வருவதைப் போல வந்தது.

"சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டாச்சு. கொழம்புல உப்பு கொஞ்சம் கூட."

"கடல்ல இருந்துக்கிட்டு உப்பு கூடன்னா நான் என்ன செய்ய?"

படகில் மிக்கேல் மாமா சிரித்தது கேட்டது. அவர் சிரித்து முடித்து இருமி முடிக்கும் வரைக்கும் அவள் காத்திருந்தாள்.

"ஊரு ரெண்டா நிக்கி" என்றாள். "ஒங்கள இழுக்கவா, வேண்டாமா?"

அலை ஒன்று வந்து அவள் முழங்காலை நனைத்துவிட்டுப் போயிற்று. இன்னொன்று வந்தது.

"அமலி" என்றது குரல். "வருஷமா காலு ஈரத்துலயே கெடக்கு. பாதம் ரெண்டும் ஊறி வெளுத்துப்போச்சு. ஒறங்குனாலும் ஈரம், முழிச்சாலும் ஈரம். எங்கயாவது மணல்ல கால நீட்டி, காய வச்சுட்டு இருக்கணும் போல இருக்கு."

"வெளிய வந்தா நீங்க இருக்க மாட்டிய."

"ம்."

"தெரியுமா அது?"

"வடத்தக் கட்டுனது நான்தான அமலி."

அவள் அணியத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர்கள் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. காற்று மாறியதா, அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்களா என்று தெரியாது. இருட்டுவதற்கு முன்னால் அவள் திரும்பி வந்து, அடுப்புக் கற்களை உருளையின் அருகிலிருந்து தூக்கி அப்பால் போட்டாள். "காலைல ஏத்தம் எப்பம்?" என்று வியாகுலத்தைக் கேட்டாள்.

விடிந்ததும் ஊர் மொத்தமும் வந்திருந்தது, ரெண்டு பக்கத்துக்காரர்களும். எந்தக் கம்பில் யார் என்று பார்க்காமல் கலந்து நின்றோம். அமலோற்பவம் ஒரு கம்பில் நெஞ்சைக் கொடுத்தாள், ரெஜினா அவள் பக்கத்தில் நின்றாள், பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த பெலிக்ஸ் யாரும் கூப்பிடாமலே பின்னால் ஒரு கம்பைப் பிடித்தான். வியாகுலம் முதல் அடியை எடுக்கச் சொல்லி மைனியைப் பார்த்துத் தலையசைத்தான். அதனால் முதல் அடியை அமலோற்பவமே பாடினாள், பெண்கள் அந்தப் பாட்டில் முதல் அடி எடுப்பது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை. மறு அடி கடலிலிருந்து வந்தது, மூன்று குரலும் சேர்ந்து.

உருளை சுற்றியது. அணியத்தின் பின்னால் பலகை பலகையாக நீலம் கறுத்துக்கொண்டே வந்தது. தனிஸ்லாஸ் எப்போதும் அணியத்துப் பக்கம் நிற்கிறவன், வடம் எடுப்பது அவன் வேலை. முன்தளம் தண்ணீரை விட்டு மேலே வந்தபோது அவன் குரல் பாட்டில் இல்லை. அது எந்த அடியில் நின்றது என்று சொல்ல முடியவில்லை, அடுத்த அடிக்கு ரெண்டு குரல்தான் வந்தது, அவ்வளவுதான். ரெஜினா தலையைக் குனிந்துகொண்டு தள்ளினாள்.

படகின் நடுவில் கித்தேரியான் நின்று ஓட்டுகிற அறை இருந்தது. அது தண்ணீரை விட்டு எழும்பும்போது அமலோற்பவம் பாடுவதை நிறுத்தவில்லை. அவர் குரலை மட்டும் பிரித்துக் கேட்டபடியே அவள் ஒவ்வொரு அடியாக எடுத்துக் கொடுத்தாள், அவர் பதில் கொடுத்தார், இவள் எடுத்தாள், அவர் கொடுத்தார், அறையின் கண்ணாடி நொறுங்கி விழுந்தது, கூரைத் தகரம் துருவாகி உதிர்ந்தது, இவள் எடுத்தாள், மிக்கேல் மாமாவின் குரல் மட்டும் வந்தது. அமலோற்பவத்தின் கால்கள் அந்தச் சுற்றில் மணலில் இடறின. கம்பை விடாமல் எழுந்து அடுத்த சுற்றுக்கு நடந்தாள்.

பின்தளம் மட்டும் கடலுக்குள் இருந்தது. மிக்கேல் மாமா அங்கே தனியாகப் பாடினார். வாழ்நாள் முழுக்க அவர் குரலை நாங்கள் தனியாகக் கேட்டதே இல்லை, எப்போதும் யாருடைய படகிலோ யாருடைய பாட்டுக்கோ மறு அடிதான் அவர். இப்போது அவருக்காகப் பாட்டு வேகம் குறைந்தது, நாங்கள் எல்லாரும் சேர்ந்து முதல் அடியைப் பாடி, அவர் ஒருத்தர் மறு அடியைப் பாடும் வரைக்கும் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு தள்ளினோம். வியாகுலம் அலையைப் பார்த்துச் சைகை காட்டினான். கடைசி அலை படகைத் தூக்கிக் கட்டைகளின் மேல் வைத்துவிட்டு, கையை எடுத்துக்கொள்வதைப் போலப் பின்வாங்கியது. உருளை திடீரென்று லேசாகிவிட்டது, நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். தடுப்பு விழுந்த சத்தத்துக்குப் பிறகு அலைச் சத்தம் மட்டும் இருந்தது.

ததேயு சாமியார் வெள்ளையும் கறுப்புமாக அங்கி போட்டு, மூன்று பெட்டிகளோடு பட்டறையில் காத்திருந்தார். வியாகுலமும் பெலிக்ஸும் படகுக்குள் ஏறி, மூன்று பேரையும், அவர்கள் நின்ற இடங்களிலிருந்தே, சேற்றையும் பாசியையும் விலக்கி எடுத்து இறக்கினார்கள். எலும்புகள் கருமையாக, கனமாக, சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தன. சாமியார் தண்ணீர் தெளிக்கச் செம்பைக் கையில் எடுத்தார்.

"சாமி, இருங்க" என்றாள் அமலோற்பவம். "இன்னும் நனைக்க வேண்டாம். மொதல்ல காயட்டும்."

சாமியார் செம்பைக் கீழே வைத்தார்.

பட்டறைக்கு மேலே, அலை வராத மேட்டில், வெயிலில் நன்றாகச் சூடேறிய மணலில் புது வலையை விரித்தார்கள். மூன்று பேரையும் அதில் பக்கத்தில் பக்கத்தில், கால் கடலுக்கு எதிர்ப்பக்கம் நீட்டி இருக்கும்படி பரப்பினார்கள். மிக்கேல் மாமாவுக்கு முறை வைத்துச் சமைத்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் அவர் பக்கம் உட்கார்ந்தார்கள். ரெஜினா தனிஸ்லாஸின் விரலெலும்புகளில் ஒட்டியிருந்த பாசியை முந்தானையால் துடைத்தாள். காக்கை வந்தால் விரட்டக் குச்சியை வைத்துக்கொண்டு, கருவாடு காயும்போது காவல் இருப்பதைப் போல, ஊர்ப் பெண்கள் சுற்றிலும் இருந்தார்கள். அவ்வப்போது அமலோற்பவம் எழுந்து போய்க் கித்தேரியானின் பாதங்களை ஒரு பக்கம் காய்ந்ததும் மறு பக்கம் திருப்பி வைத்தாள். பெட்டி தூக்க வந்தவர்களும் மற்ற ஆம்பிளைகளும் சாமியாரும் பட்டறை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு யாரும் கடலுக்குப் போகவில்லை.

வெயில் பனைகளுக்குப் பின்னால் சாயத் தொடங்கியபோது எலும்புகள் கருமை போய்ச் சாம்பலாகி, பிறகு வெளுத்திருந்தன. அமலோற்பவம் பாதத்து எலும்பு ஒன்றை எடுத்து, துணி காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதைப் போலக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு அதை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, சாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"காஞ்சிட்டு" என்றாள். "இனி கொண்டு போங்க."